போதும் என்பதை யார் சொல்வது?

(கள்ளக்குறிச்சியில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நோக்கம், அடையாளம், மனநிறைவு என்று மூன்று சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இதைப் பற்றிப் பேசுங்கள் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். இவற்றை நூல்களிலிருந்து ஆழமாகப் பேசக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் மலைப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த உலகம் இந்த மாவட்டம்தான். கீழே திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை, சின்னசேலம். மேலே கல்வராயன் மலை. ஆகவே இந்த மண்ணில் நடந்தவற்றை வைத்தே பேசுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனநிறைவு மிக உயர்ந்த குணம். அதை ஒருவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளலாம், தம் பிள்ளைகளுக்கு வாழ்ந்து காட்டலாம். தமக்கு வேண்டியது கிடைத்தவர், கிடைக்காதவரைப் பார்த்து அதைப் போதிக்கத் தொடங்கினால் அது அறமாக இருப்பதில்லை, அநியாயமாகிவிடுகிறது. இதைத்தான் இன்று விரித்துச் சொல்லப் போகிறேன்.

முதலில் திருக்கோவிலூருக்குப் போவோம்.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி, மதுரையில் வெங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் வீட்டை விட்டுக் கிளம்பினார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு வந்தார். விழுப்புரத்தில் இறங்கும்போதே கையிருப்பு கரைந்துவிட்டது. மாம்பழப்பட்டு வரைதான் ரயிலுக்குக் காசு இருந்தது. அங்கிருந்து நடந்து பெண்ணையாற்றங்கரையில் அறையணிநல்லூர் கோயிலுக்கு வந்தார். பிறகு திருக்கோவிலூரின் கீழூர்க் கோயில். கடும் பசி. கோயிலில் சோறு கேட்டபோது கொடுக்கத் தயங்கினார்கள். மேளக்காரர் ஒருவர் தம் பங்கை அந்தப் பையனுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.

மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டு வாசலில் போய் நின்றார் அந்தப் பையன். அந்த வீட்டு அம்மாள் உட்காரவைத்து வயிறாரச் சோறு போட்டார்; சாமிக்குப் படைக்கச் செய்திருந்த பலகாரத்தையும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார். பையன் தன் காதில் இருந்த கடுக்கனைப் பாகவதரிடம் கொடுத்து நான்கு ரூபாய் வாங்கிக்கொண்டார். பின்னால் வந்து மீட்டுக்கொள்வதற்காகப் பாகவதர் முகவரி எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பையன் கிழித்துப் போட்டுவிட்டார். செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது இவரைத்தான்.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கிழித்துப் போட்ட சீட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். துறவின் பெருமை அதில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. எனக்கு அந்த மேளக்காரரும் அந்த அம்மாளும்தான் மனதில் நிற்கிறார்கள். வந்தவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. மகான் என்று அறிந்து போட்ட சோறு அல்ல அது. வாடிய முகம் ஒன்று வாசலில் நின்றது, அன்றைக்குப் பண்டிகை, வீட்டில் பலகாரம் இருந்தது. காரணம் அவ்வளவுதான்.

நாம் அன்றாடம் செய்யும் நல்ல காரியங்களின் நோக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும். பாதி பழக்கம், பாதி இரக்கம், கொஞ்சம் நாள் கிழமை, கொஞ்சம் ஊர் என்ன சொல்லும் என்ற எண்ணம். 'சுத்தமான நோக்கத்தோடு செய்தேனா?' என்று தன்னைத் தானே குடைந்துகொள்ளும் நல்லவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோக்கம் தூய்மையாகும் வரை அந்த அம்மாள் காத்திருந்தால், பையன் அன்று பட்டினி கிடந்திருப்பார். சோறு முதலில் விழட்டும்.

நான் மலைக்குப் போன கதையும் இதுதான். சேவை செய்யவேண்டும் என்று மலையேறியதாகச் சிலர் மேடைகளில் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். பதவி உயர்வுக் கலந்தாய்வில் அங்கே இடம் காலியாக இருந்தது; போனேன். போன காரணம் வேறு, தங்கிய காரணம் வேறு. உண்டு உறைவிடப் பள்ளி அது. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் அப்பாக்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். பஸ் வராத ஊர்களிலிருந்து நடந்தே வருவார்கள். தகரப் பெட்டி ஒருவர் தலையில், பலாப்பழம் இன்னொருவர் தோளில். பிள்ளையை ஒப்படைத்த பிறகும் உடனே கிளம்ப மாட்டார்கள். தாழ்வாரத்து ஓரமாகக் குந்தியிருந்து, பிள்ளை படிப்பதற்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் எழுந்து இருட்டில் நடப்பார்கள். 'பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள்?' என்று அவர்கள் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்காமல் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு ஈடாக நடந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம்தான் என்னை அங்கே நிறுத்தியது. மாணவர்களே, உங்கள் வேலைக்கு உயர்ந்த நோக்கம் இல்லையே என்று இப்போதே கவலைப்படாதீர்கள். கைக்கு வந்த வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தால் நோக்கம் பின்னாலேயே வந்து சேரும்.

நம் நோக்கத்தை அலசுவது ஒரு பக்கம். அடுத்தவர் நோக்கத்தை நாம் எப்படி எடைபோடுகிறோம் என்பது இன்னொரு பக்கம். இந்த ஊரில் நின்றுகொண்டு இதைப் பேசும்போது கருணாபுரத்தைச் சொல்லாமல் போக முடியாது.

2024 ஜூன் மாதம். உங்களில் பலர் கண்ணால் கண்டவர்கள். வயிறு எரிகிறது, கண் மங்குகிறது என்று, கள்ளச்சாராயம் குடித்தவர்களை ஆட்டோவிலும் பைக்கிலும் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்த்தபடியே இருந்தார்கள். அதில் இருந்தது மெத்தனால். அது உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறும். கண் நரம்பைத் தாக்கும், பிறகு உயிரையே எடுக்கும். இங்கிருந்து சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் அனுப்பினார்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு சாவுப் பந்தல்.

அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவித்தது. டீக்கடைகளில் பேச்சு மாறியது. 'குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?' என்றார்கள். இழப்பீடு சரியா, தவறா என்று விவாதிக்க யாருக்கும் உரிமை உண்டு. என் மனதை அறுத்தது அந்தத் தொகை பற்றிய விவாதம் இல்லை. செத்தவர்களின் மனதுக்குள் புகுந்து பார்த்துவிட்டதுபோல எல்லோரும் பேசினார்களே, அது. திமிர், ஒழுக்கக்கேடு, பொறுப்பில்லாமை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள். மூட்டை தூக்கியவர்கள், கட்டட வேலைக்குப் போனவர்கள். அந்தி சாயும்போது உடம்பு வலிக்கும். கடையில் விற்கும் பாட்டிலைவிடச் சாராயப் பாக்கெட் மலிவு. குடியை நான் நியாயப்படுத்தவில்லை. குடியால் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்தவன் நான். நான் சொல்வது வேறு. நமக்குத் தூக்கம் வராவிட்டால் மாத்திரை. அதற்குக் காரணம் மன அழுத்தம். கூலிக்காரர் உடம்பு வலிக்குக் குடித்தால் காரணம் அவர் குணம். நாம் செய்தால் சூழ்நிலை, பிறர் செய்தால் புத்தி. இந்த இரட்டைத் தராசை ஒவ்வொரு நாளும் கையில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறோம். தெருவில், அலுவலகத்தில், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடத்தில், மருமகளிடத்தில் என்று எங்கும் அதே தராசு.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. 'எல்லாம் மலைச் சரக்கு' என்ற பேச்சு பரவியது. கல்வராயன் மலையில் கள்ளச்சாராய ஊறல் போட்டவர்கள் உண்டு, போலீஸ் அழித்ததும் உண்டு. கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது அந்த ஊறல் இல்லை. தொழிற்சாலைகளுக்குப் போகவேண்டிய மெத்தனால், கீழிருந்து கைமாறி வந்தது. இருந்தும் கீழே படிக்க வந்த மலைப்பிள்ளைகளிடம், 'நீ சாராய மலையா?' என்று கேட்டார்கள். என் பழைய மாணவன் ஒருவன் என்னிடம் வந்து சொன்னான்: "சார், எங்க ஊருப் பேரைச் சொல்லவே யோசனையா இருக்கு."

பிறந்த ஊரின் பெயரைச் சொல்லப் பதினெட்டு வயதுப் பையன் யோசிக்கிறான். அடையாளம் என்ற இரண்டாவது விஷயத்துக்கு அவன்தான் என்னைக் கொண்டுவந்து விட்டான்.

கல்வராயன் மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பு இல்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கரிராமன் சாமியோடு கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள், அவர்கள் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதை அது. அதில் எத்தனை ஆண்டு, எந்த அரசன் என்று கேட்டுச் சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நமது குலங்களும் இதுபோன்ற கதையின் மேல்தானே நிற்கின்றன? நம் கதையைப் பெருமை என்கிறோம், அவர்கள் கதையைக் கட்டுக்கதை என்கிறோம். இங்கேயும் அதே இரட்டைத் தராசு.

இந்த மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்தது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று அந்த ஜாகீர்களுக்குப் பெயர். கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த உரிமை என்று சொல்வார்கள். இந்தியா விடுதலை பெற்றது 1947-இல். ஜாகீர் முறை முடிந்து மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976-இல். இடையில் 29 ஆண்டுகள். கீழே நாம் பட்டா, சிட்டா என்று ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மேலே உழுத நிலத்துக்கு எழுத்து என்று ஒன்று பெரும்பாலோர் கையில் இல்லை. பாட்டன் திருத்திய காடு, அப்பன் உழுத காடு, நான் உழுகிறேன் என்பதுதான் ஆவணம். வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே சாகுபடி செய்துவரும் பழங்குடியினருக்கு உரிமை உண்டு என்றது. உழுதது உண்மை. அதைக் காட்டத் தாள் வேண்டும். தாளோடு வாழாத மனிதர் தாளை எங்கே தேடுவார்?

சாதிச் சான்றிதழும் இதே கதைதான். பட்டியல் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் பழைய மாவட்டங்களின் பெயர்கள் இருக்கின்றன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. இந்த மாவட்ட எல்லைக்குள் இருந்தால் நீங்கள் பழங்குடி. எல்லைக்கு வெளியே, ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருந்தால், அதே மலையாளி, பட்டியலில் இல்லை. அங்குள்ள மக்கள் பல காலமாகப் போராடி வருகிறார்கள். சாமி ஒன்று, கல்யாணச் சடங்கு ஒன்று, மலை மட்டும் வேறு. ஒருவர் யார் என்பதை வரைபடத்துக் கோடு முடிவு செய்கிறது.

பட்டியலில் இருப்பவர்களுக்கும் சான்றிதழ் எளிதாகக் கைக்கு வந்துவிடாது. பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணோடு அலுவலகம் ஒன்றின் வாசலில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அப்பாவின் சான்றிதழைக் கேட்டார்கள். அப்பா பள்ளிக்கூடமே போகாதவர். சான்றிதழ் அவருக்கு எதற்கு? பெரியப்பா, சித்தப்பா யாருடையதாவது கேட்டார்கள். அவர்களும் போகாதவர்கள். அந்தப் பெண்ணின் தாய் எங்களோடு வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எங்க ஊருல வந்து பாக்கட்டும் சார். நாங்க வேற யாராத்தான் இருக்க முடியும்?"

அந்தக் கேள்விக்கு எந்த விண்ணப்பத்திலும் கட்டம் இல்லை. தான் யாரென்று அந்தத் தாய்க்குத் துளியும் சந்தேகம் கிடையாது. அவர் அடையாளத் தேடலில் இல்லை. நாம் புத்தகங்களில் படிக்கும் 'நான் யார்?' என்ற தவிப்பு வேறு. இங்கே தவிப்புக்குக் காரணம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. தெரிந்த ஒன்றை எதிரில் இருப்பவர் ஏற்க மறுப்பதால் வரும் தவிப்பு இது. நமக்கு வாக்காளர் அட்டையும் ஆதாரும் பாஸ்போர்ட்டும் மடியில் கிடக்கின்றன. ஆகவே 'பெயரும் ஊரும் வெறும் ஒட்டு, உள்ளே இருப்பதுதான் நீ' என்று தத்துவம் பேச முடிகிறது. கைக்கு வராத அட்டையை உதறச் சொல்லி ஒருவரிடம் உபதேசம் செய்ய முடியுமா?

இதே மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் கூவாகம் இருக்கிறது. சித்திரையில் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் திருநங்கைகள் வருகிறார்கள். கூத்தாண்டவராகிய அரவானுக்கென்று தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலியறுத்து வெள்ளை உடுத்தி அழுகிறார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் வேடிக்கையை மட்டும் பார்த்துவிட்டு வருவார்கள். அங்கே கூடுகிறவர்களில் எத்தனையோ பேர் ஆண்டின் மற்ற நாட்களில் வீட்டிலோ தெருவிலோ தங்களை மறைத்து வாழ்கிறவர்கள். தமிழ்நாடு 2008-இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்புச் சொன்னது. கூவாகத்துத் தேர் அதற்கெல்லாம் பல தலைமுறைக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. சட்டம் ஒத்துக்கொள்ளும் முன்பே அவர்கள் தங்களை அறிந்திருந்தார்கள். மலைத் தாயும் கூவாகத்துத் திருநங்கையும் எனக்குக் கற்றுக் கொடுத்த பாடம் ஒன்றுதான். அடையாளத்தில் பாதி நமக்குள் இருக்கிறது. மறுபாதியை எதிரில் இருப்பவர் தரவேண்டும். அந்தப் பாதியைத் தர மறுப்பவர் இன்னொருவரின் நிம்மதியைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

இனி மனநிறைவுக்கு வருகிறேன்.

விடுமுறை நாளில் நம் ஊரிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைக் கடந்து, குடும்பத்தோடு மலையேறுகிறோம். மேகம் அருவியில் குளிக்கிறோம், வெள்ளிமலையில் சாப்பிடுகிறோம். இறங்கும்போது காரில் ஒருவர் தவறாமல் சொல்வார்: 'இந்த ஜனங்களைப் பாரு, எவ்வளவு நிம்மதியா இருக்காங்க! ஆசை இல்லை, அவசரம் இல்லை. நாமதான் எதையோ துரத்திக்கிட்டு ஓடுறோம்.'

அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். அவர் கண்ணில் பட்டது மலைக்காற்றும் மரநிழலும். பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தூளி கட்டிச் சுமந்து வந்து ரோட்டில் சேர்க்கும் குடும்பம் அவர் கண்ணில் படவில்லை. மேற்கே சேலம் மாவட்டத்துக் கல்வராயன் ஊர்களிலிருந்து செம்மர வேலைக்குப் போன ஐந்து பேர், 2018 பிப்ரவரியில் ஆந்திராவில் ஒண்டிமிட்டா ஏரியில் பிணமாக மிதந்தது அவர் நினைவில் இல்லை. ஆசையில்லாதவர்கள் அங்கே போயிருக்க மாட்டார்கள். அவர்கள் ஆசை என்ன? வீட்டுக்கு ஓடு மாற்றுவது, தங்கை கல்யாணம், கடனை அடைப்பது. நம் எல்லோருக்கும் இருக்கிற ஆசைதான்.

சாப்பாட்டிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும்தான் பழைய பயிர்கள். பிறகு மரவள்ளி வந்து காட்டைப் பிடித்துக்கொண்டது. கிழங்கு லாரியேறி ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். ஆலையில் மாதிரிக் கிழங்கை எடைபோட்டு, மாவுச்சத்து இத்தனை பாயின்ட் என்பார்கள். பாயின்ட் இறங்கினால் விலையும் இறங்கும். மாதக்கணக்கில் காட்டில் கிடந்த உழைப்பை அந்த எண் ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். ஆகவே காட்டில் கிழங்கு, வீட்டில் அரிசிச் சோறு என்று வாழ்க்கை மாறியது.

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. பட்டணத்தில் சாமை பாக்கெட்டில் ஏறிச் சர்க்கரை நோய்க்கு மருந்தானது. அதுவரை ஏழையின் சோறு என்று ஒதுக்கியதை, வசதி உள்ளவர்கள் விலை கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில் நானும் மலையில் ஒரு பாட்டியிடம், 'முன்னாடி மாதிரி சாமைச் சோறே ஆக்கினால் உடம்புக்கு எவ்வளவு நல்லது' என்றேன். முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்தார். "நல்லதுன்னு எனக்குத் தெரியாதா வாத்தியாரே? உரல்ல குத்திக் குத்தி என் தோள்பட்டையே போச்சு. நீங்க வந்து குத்திக் குடுங்க, தினம் சாமைச் சோறு ஆக்கிப் போடுறேன்."

சாமையின் உமி லேசில் போகாது. குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் சோறாகும். நாம் எளிமை என்று வியந்த வாழ்க்கையின் அடியில் பெண்களின் தோள்பட்டை இருந்தது. இலவச அரிசி வந்ததும் அந்தத் தோளுக்கு ஓய்வு கிடைத்தது. பாட்டி ஆசைப்பட்டு மரபைக் கைவிட்டார் என்று ஆய்வாளர் எழுதலாம். பாட்டி செய்தது தன் உடம்புக்கு நியாயம். ஊருக்கு ஒரு சிறிய உமி நீக்கும் இயந்திரம் இருந்தால் சாமையும் நிற்கும், பாட்டியின் தோளும் பிழைக்கும். மனநிறைவைப் பற்றிப் பேசுவதைவிட இயந்திரத்தைப் பற்றிப் பேசுவது அங்கே பெரிய ஆன்மிகம்.

இப்போது கீழூரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அந்தப் பையன் கடுக்கனை விட்டார், வணங்குகிறோம். விடுவதற்கு அவர் காதில் கடுக்கன் இருந்தது. இருந்ததை விடுவது துறவு. இல்லாததைக் கேட்காதே என்று அடுத்தவரிடம் சொல்வதற்குத் துறவு என்று பெயரில்லை.

அப்படியானால் நமக்கு, அதாவது இந்த அரங்கில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நமக்கு, மனநிறைவு எதற்கு? நிச்சயம் வேண்டும். நமக்குத்தான் மிகவும் வேண்டும். நம் ஆசைக்கு எல்லை வகுத்தால்தான் அடுத்தவருக்கு இடம் கிடைக்கும்.

திருக்கோவிலூர் இடைகழிக் கதை உங்களுக்குத் தெரியும். மழையிரவு. ஒருவர் படுக்கலாம் என்கிற அளவுக்கே இடமுள்ள இடைகழி. பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்தார், மூவர் நிற்கலாம் என்று எழுந்து நின்றார்கள். அதன் பிறகுதான் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள். வந்தவர் பெருமாள் என்கிறது மரபு. இந்தக் கதையில் என்னைத் தொடுவது நெருக்கத்தின் வரிசை. வெளியே மழையில் நிற்பவரிடம், 'நனைவதிலும் ஒரு சுகம் உண்டு, நிறைவு கொள்ளும்' என்று படுத்திருந்தவர் சொல்லவில்லை. எழுந்து உட்கார்ந்தார். படுக்கையை விட்டது அவருடைய மனநிறைவு. உள்ளே வந்தது மற்றவருடைய உரிமை. இரண்டும் ஒரே இரவில், ஒரே இடத்தில் நடந்தன. கடவுள் வந்தது அதற்குப் பிறகு.

நாமும் மலைக்குக் கடன்பட்டவர்கள்தான். கல்வராயனில் பெய்யும் மழைதான் கோமுகி அணையில் தேங்கி நம் வயலுக்கு வருகிறது. நம் நெல்லிலும் கரும்பிலும் அந்த மலையின் தண்ணீர் இருக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்று கேள்வி கேட்டது. நீதிபதிகள் கேட்ட கேள்வியை அண்டை வீட்டுக்காரர்களான நாம் எப்போதோ கேட்டிருக்க வேண்டும்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். மாணவர்களே, உங்களில் கணினி தெரிந்த ஒருவர், மலையிலிருந்து வரும் ஒரு குடும்பத்துக்குச் சாதிச் சான்றிதழுக்கோ வன உரிமைக்கோ விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். எந்த நோக்கத்தில் செய்தீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. விண்ணப்பம் சரியாக இருந்தால் போதும். வியாபாரிகளே, அலுவலர்களே, எதிரில் நிற்பவரின் செயலுக்குக் காரணம் கற்பிக்கும் முன், அதே செயலை நாம் செய்திருந்தால் என்ன சமாதானம் சொல்வோம் என்று ஒரு முறை யோசியுங்கள். பெரியவர்களே, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எளிமையைச் சொல்லிக் கொடுப்போம், அதை நம் செலவில் தொடங்குவோம். கூலியை உயர்த்திக் கேட்பவரிடத்தில் அதைப் பாடமாக நடத்த வேண்டாம்.

நமக்குப் போதும் என்று நாம் சொல்வோம். அவர்களுக்குப் போதுமா என்பதை அவர்களிடமே கேட்போம். கேட்டதற்கு அவர்கள் சொல்லும் பதிலைக் கடைசிவரை இருந்து கேட்போம்.